பட்டாணிக்குச் சர்க்கரை!

தலைப்பைப் பார்த்துவிட்டு ஏதோ புதுவிதப் பலகாரம் என்று பேனாவும் தாளுமாக உட்கார்ந்துவிட்ட சகோதரிகள் மன்னிக்க வேண்டும். இந்த இதழில் நான் அடுப்பங்கரைப் பக்கமே போகப் போவதில்லை. பட்டாணி என்பது எங்கள் வீட்டுப் பூனை. சர்க்கரை என்பது அவனுக்கு வந்திருக்கும் வியாதி.

"பூனைக்குமா சர்க்கரை வியாதி?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நானும் அப்படித்தான் கேட்டேன். கேட்டதோடு நிற்காமல் சிரிக்கவும் செய்தேன். பிறகு என் அவசர புத்தியால் அந்த ஜீவனைச் சாகக் கிடக்க வைத்தேன். அதைத்தான் எழுதப் போகிறேன். மூடி மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் பூனையோ நாயோ வளர்க்கிற வீட்டில் மட்டுமில்லை, இன்சுலின் குப்பி இருக்கிற எந்த வீட்டிலும் நடக்கக் கூடிய விஷயம் இது.

பட்டாணி எங்களிடம் வந்து பதினொரு வருஷம் ஆகிறது. மழையில் நனைந்து, மாடிப்படிக்கு அடியில் கத்திக் கொண்டிருந்ததைப் பெரியவள் தன் பள்ளிக்கூடப் பையில் வைத்துத் தூக்கி வந்தாள். உள்ளங்கைக்குள் அடங்கியதால் பட்டாணி என்று பேர். பேர் வைத்த நேரம், பையன் வளர்ந்து கொண்டே போனான். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆன பிறகு வெளியே சண்டைக்குப் போவதும் நின்றது. சோபாவே கதி. ஆறே முக்கால் கிலோ! கடைக்காரர் தராசில் இவனை வைத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, இது பட்டாணி இல்லே, பலாப்பழம்" என்றார்.

இதில் என் மாமியாருக்குப் பெரும் பங்கு உண்டு. (அத்தை இந்தப் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து படிப்பவர். இதையும் படிப்பார். படிக்கட்டும்.) காலையில் காபியோடு அவருக்கு இரண்டு பிஸ்கட், பட்டாணிக்கு ஒன்று. மத்தியானம் தயிர் சாதத்தில் இவனுக்கு ஓர் உருண்டை. என் பங்குக்கு நான், கடையில் விற்கும் மொறுமொறு பூனைத் தீனியைக் கிண்ணம் நிறையக் கொட்டி வைத்துவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். காலியானால் மறுபடி கொட்டுவேன். ஆக, பழி அத்தை மேல் மட்டும் இல்லை.

2024 மே மாதத்தில் பையன் இளைக்க ஆரம்பித்தான். எங்களுக்கு ஒரே சந்தோஷம்! "வெயில் காலம், தானாவே இளைக்கிறான்" என்றார் இவர். ஆனால் சாப்பாடு குறையவில்லை. முன்னைவிட அதிகமாகத் தின்றான். தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தான், குடித்தான், குடித்துக் கொண்டே இருந்தான். கிண்ணம் போதாமல் குளியலறை வாளியில் தலையை விட்டு நக்கினான். அவனுடைய மணல் தட்டை ஒரு நாளைக்கு இரண்டு தடவை மாற்ற வேண்டியதாயிற்று.

ஒரு நாள் காலை அந்தத் தட்டைச் சுற்றி எறும்பு. நான் மருந்து தூவப் போனேன். அத்தை கையைப் பிடித்துக் கொண்டார். "ஏம்மா, எங்க அப்பாரு கொல்லைப் பக்கம் போய்ட்டு வந்தா இப்படித்தான் எறும்பு மொய்க்கும். அப்புறம்தான் அவருக்குச் சர்க்கரைன்னு கண்டுபிடிச்சாங்க. இவனை டாக்டர்கிட்டே காட்டு" என்றார். பூனையாவது, சர்க்கரையாவது என்று நான் சிரித்தது அப்போதுதான்.

அதே வாரம் அவன் நடையும் மாறிப் போயிற்று. பூனை விரல் நுனியில் நடக்கிற ஜாதி அல்லவா? இவன் பின்னங்காலை நம்மைப் போலக் குதிகால் வரை தரையில் ஊன்றி, தத்தித் தத்தி நடந்தான். ஜன்னல் திட்டுக்குத் தாவப் போய் பாதியில் விழுந்தான். எனக்குச் சிரிப்பு நின்று போயிற்று.

எங்கள் பேட்டையில் ஒரு கால்நடை டாக்டரம்மா இருக்கிறார். சின்ன வயசு. வேப்பேரியில் 1903-ல் ஆரம்பித்த கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறதே, அங்கே படித்தவர். பிளாஸ்டிக் கூடையில் பட்டாணியை அடைத்து எடுத்துப் போனோம். வரிசையில் எங்களுக்கு முன்னால் இரண்டு நாய்கள். கூடைக்குள் இவன் போட்ட கூச்சலில் தெருவே திரும்பிப் பார்த்தது. எடை போட்டால் ஐந்து கிலோ இருநூறு. ரத்தத்தில் சர்க்கரை 412!

நான் தலையில் கை வைத்துக் கொண்டேன். டாக்டரம்மா பதறவில்லை. "இதுல பாதி அந்த நாய்ங்களோட சர்க்கரையா இருக்கலாம்மா" என்றார். பூனை பயந்தால், சர்க்கரை வியாதி இல்லாவிட்டாலும் சர்க்கரை மளமளவென்று ஏறிவிடுமாம். அதனால் ஆஸ்பத்திரியில் எடுத்த ஓர் எண்ணை மட்டும் வைத்துக் கொண்டு பூனைக்குச் சர்க்கரை வியாதி என்று முடிவு கட்டக் கூடாதாம். சிறுநீரைப் பார்த்தார். பிறகு 'ஃபிரக்டோசமின்' என்று ஒரு பரிசோதனைக்கு ரத்தம் அனுப்பினார். நமக்கு மூன்று மாதச் சராசரி பார்க்கிறார்களே, அது மாதிரி, பூனைக்குக் கடந்த ஓரிரு வாரச் சராசரியை அது சொல்லிவிடும். அன்றைய பயம் அதில் சேராது. "எவ்வளவு தண்ணி குடிக்கிறான்னு வீட்டுல அளந்து பாருங்க" என்றும் சொல்லி அனுப்பினார்.

அளந்தேன். கிண்ணத்தில் ஆழாக்கால் அளந்து ஊற்றி, மறுநாள் மிச்சத்தைக் கழித்தால், மூன்று ஆழாக்கு! கிட்டத்தட்ட அரை லிட்டர். ஐந்து கிலோ பூனை கால் லிட்டருக்கு மேல் குடித்தாலே யோசிக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. பரிசோதனை முடிவும் வந்தது. சந்தேகமே இல்லை, சர்க்கரைதான்.

வயதான, குண்டான, ஆபரேஷன் ஆன, வீட்டை விட்டு வெளியே போகாத ஆண் பூனைகளுக்குத்தான் இது அதிகமாக வருமாம். இவனுக்கு எல்லாப் பொருத்தமும் இருந்தது. அரிப்புக்கு அடிக்கடி ஸ்டீராய்டு ஊசி போட்டாலும் வரலாமாம். பூனை பிறவியிலேயே மாமிசம் தின்கிற பிராணி. மாவுச்சத்தைச் சமாளிக்கிற சாமர்த்தியம் அதன் உடம்புக்குக் குறைவு. இன்னொரு வேடிக்கை கேளுங்கள். பூனைக்கு இனிப்பு ருசியே தெரியாதாம்! இனிப்பை அறிகிற ஜீன் பூனை இனத்தில் பழுதாகிக் கிடக்கிறது என்று அமெரிக்க விஞ்ஞானிகள் 2005-ல் எழுதியிருக்கிறார்கள். "அப்போ என் பிஸ்கட்டை ருசிச்சு ருசிச்சுத் தின்னானே?" என்றார் அத்தை. அதில் உள்ள கொழுப்பு வாசனைக்காகத்தான் இருக்கும் என்றார் டாக்டரம்மா. அத்தையின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! பதினொரு வருஷப் பிரியம் அல்லவா?

இன்சுலின் என்றதும் எங்கள் வீட்டுக்காரர், "மனுஷங்க மருந்தைப் பூனைக்கா?" என்று இழுத்தார். 1921-ல் கனடாவில் டொரன்டோ நகரத்தில் பான்டிங், பெஸ்ட் என்ற இரண்டு பேர் இதை முதலில் நாய்க்குத்தான் போட்டுப் பார்த்தார்களாம். மனிதனுக்கு வந்தது 1922 ஜனவரியில். "அவங்களுக்கு அப்புறம்தான் சார் நமக்கு" என்று டாக்டரம்மா சொன்னதும் இவர் வாயை மூடிக் கொண்டார்.

கிளார்ஜின் என்ற இன்சுலின். காலை ஆறு மணிக்கு ஒரு யூனிட், மாலை ஆறு மணிக்கு ஒரு யூனிட். முதலில் கொஞ்சம் தின்ன வேண்டும், பிறகுதான் ஊசி. ஊசி போட எனக்குப் பயமே இல்லை. அத்தைக்கு நாலு வருஷமாகப் போட்டுப் பழகிய கை. தோளுக்குப் பின்னால் தளர்ந்த தோலைக் கூடாரம் மாதிரித் தூக்கி, அதன் அடியில் மெல்லச் செலுத்த வேண்டும். பட்டாணி தின்று கொண்டே இருப்பான், திரும்பிக் கூடப் பார்க்க மாட்டான். ஒரு தடவை ஊசி மறுபக்கம் வந்து, மருந்து ரோமத்தில் போய்விட்டது. அப்படி ஆனாலும், எவ்வளவு உள்ளே போனது என்று சந்தேகம் வந்தாலும், இன்னொரு தடவை போடவே கூடாது. அடுத்த வேளை பார்த்துக் கொள்ளலாம்.

ரத்தம் எடுப்பதுதான் பழக ஒரு வாரம் ஆயிற்று. காதின் ஓரத்தில், நரம்புக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரு குத்து. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முதலில் காதைச் சூடு காட்ட வேண்டும். வாஸலினைக் கடுகளவு தடவிவிட்டால் ரத்தம் ரோமத்தில் பரவாமல் முத்தாக நிற்கும். பஞ்சால் அழுத்திவிட்டு, வேக வைத்த கோழித் துண்டு ஒன்று லஞ்சம். இப்போது குத்து முடிவதற்குள் லஞ்சத்துக்கு வாயைத் திறக்கிறான்!

மீட்டர், அத்தையுடைய மீட்டர்தான். பூனைக்கென்றே தனி மீட்டர் இருக்கிறது, அது எங்களுக்குக் கிடைக்கவில்லை. மனுஷர் மீட்டரில் பூனையின் ரத்தத்தை வைத்தால் உள்ளதைவிடக் குறைத்தே காட்டுமாம். "பரவாயில்லை, எப்பவும் இதே மீட்டர்லயே பாருங்க. நான் அதுக்குத் தகுந்த மாதிரியே கணக்கு எழுதித் தர்றேன்" என்று டாக்டரம்மா ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். நாள் முழுக்க 100-லிருந்து 300-க்குள் இருந்தால் போதும். ஊசி போட்ட பிறகு எந்த நேரத்தில் மிகக் கீழே இறங்குகிறதோ, அப்போது 100-ஐ ஒட்டி இருக்கலாம். 80-க்குக் கீழே போனால் அவருக்குப் போன் செய்ய வேண்டும். இன்சுலின் அளவை இரண்டு வாரத்துக்கு மாற்றக் கூடாது. சாப்பாட்டை மாற்றுவதானாலும் அவரைக் கேட்டுத்தான் மாற்ற வேண்டும்.

அந்தச் சீட்டை நான் பத்திரமாக மடித்து, பால் கணக்கு நோட்டுக்குள் வைத்தேன். அங்கேதான் தப்புச் செய்தேன். ஃபிரிஜ் கதவில் ஒட்டியிருந்தது அத்தையின் அட்டவணை. சாப்பாட்டுக்கு முன் 80-லிருந்து 130. நாலு வருஷமாகத் தினம் பார்த்துப் பார்த்து, சர்க்கரை என்றால் இதுதான் என்று என் மண்டையில் பதிந்து போன எண். பட்டாணிக்கு 290, 265, 240 என்று வரும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். அத்தைக்கு 240 வந்தால் அவருடைய டாக்டர் என்னைத் திட்டுவாரே! போதாக்குறைக்கு அத்தை வேறு, "என்னம்மா இன்னும் குறையலே, மருந்து பத்தலியோ?" என்று கேட்டுக் கொண்டே இருந்தார்.

திங்கட்கிழமை ஒரு யூனிட்டை இரண்டாக்கினேன். புதன்கிழமை மூன்றாக்கினேன். யாரையும் கேட்கவில்லை. அதே வாரத்தில், நல்ல காரியம் செய்கிற நினைப்பில், மொறுமொறு தீனி டப்பாவையும் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு, வெறும் வேக வைத்த கோழிக்கறி கொடுக்க ஆரம்பித்தேன். மாவுச்சத்து நின்றாலே சர்க்கரை தானாக இறங்கும், அப்போது இன்சுலின் தேவையும் குறையும். அந்த நேரத்தில் நான் அதை மூன்று மடங்காக்கியிருக்கிறேன்!

அந்த ஆண்டின் முதல் ஆடி வெள்ளி. காலையில் ஆறு மணிக்கு மூன்று யூனிட் போட்டுவிட்டு, மாவிளக்கு வேலையில் மூழ்கிவிட்டேன். பட்டாணி சரியாகச் சாப்பிட்டானா என்று கூடப் பார்க்கவில்லை. பிறகு கிண்ணத்தைப் பார்த்தால் பாதி கறி அப்படியே இருந்தது. பத்து மணிக்கு அலமாரிக்குப் பின்னால் சுருண்டு படுத்திருந்தான். தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பதினொன்றரை மணிக்கு ஒரு சத்தம். பூனைக் கத்தல் மாதிரியே இல்லை. அடித் தொண்டையிலிருந்து வந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால், எழுந்து நிற்கிறான், குடித்தவன் மாதிரி ஆடுகிறான், சுவரில் முட்டிக் கொள்கிறான். கண் இரண்டும் கறுப்பாக விரிந்து, என்னைப் பார்க்கிறான், ஆனால் நான் தெரிகிற மாதிரி இல்லை. பக்கவாட்டில் சாய்ந்தான். கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. 'விஷப் பூச்சி கடிச்சிடுச்சோ' என்று பிதற்றிக் கொண்டு நின்றேன். அத்தைதான், முட்டி வலியோடு எழுந்து வந்தவர், ஒரு பார்வை பார்த்தார். "அடியம்மா, எனக்குப் பொங்கலன்னிக்கு வந்துச்சே, அதேதான்! கீழே போயிடுச்சு. தேனை எடு!" என்றார். பொங்கலன்று ஊசி போட்டுவிட்டுச் சாப்பாடு தாமதமானதில் அவருக்குச் சர்க்கரை இறங்கி, வியர்த்து விழுந்தது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மீட்டரில் காதைக் குத்திப் பார்த்தேன். 31.

அத்தை தரையில் உட்கார்ந்து, பட்டாணியின் தலையை மடியில் சாய்த்து, தேனை விரலில் தொட்டு அவன் ஈறில் தேய்த்தார். நான் ஸ்பூனால் வாயில் ஊற்றப் போனபோது தடுத்துவிட்டார். அது எவ்வளவு பெரிய காரியம் என்று பிறகுதான் தெரிந்தது. இழுப்பு வந்திருக்கும்போது வாயில் ஊற்றினால் மூச்சுக் குழலுக்குள் போய்விடும். பல்லுக்கு நடுவில் விரலையும் விடக் கூடாது. உதட்டை மட்டும் தூக்கி, வெளிப்பக்க ஈறில் தடவ வேண்டும். இரண்டு மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை தடவிக் கொண்டே, ஆட்டோ பிடித்து ஓடினோம். அத்தையும் கூடவே வந்தார், செருப்புக் கூடப் போடாமல்.

குளுக்கோஸ் ஏற்றினார்கள். சாயங்காலம் நாலு மணிக்குத் தலையைத் தூக்கினான். ஐந்து மணிக்குத் தின்றான். நான் அதுவரை பெஞ்சில் உட்கார்ந்து, செய்ததை எல்லாம் ஒன்று விடாமல் டாக்டரம்மாவிடம் ஒப்புவித்தேன். அவர் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து கொண்டு, "பூனைக்கு ஒரு நாள் முழுக்க 300 இருந்தா ஒண்ணும் ஆயிடாதும்மா. 30-ல ஒரு மணி நேரம் இருந்தா உயிருக்கே ஆபத்து. 240-ஐப் பார்த்து நீங்க எதுக்குப் பயந்தீங்க?" என்றார்.

நான் அத்தையின் அட்டவணையைச் சொன்னேன். அப்போது அவர் விளக்கிச் சொன்னதை, எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். மனிதருக்கு ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டினால் சிறுநீரில் வழிய ஆரம்பிக்கும். பூனைக்கு சுமார் 250 தாண்டினால்தான் வழியும். வழிகிற சர்க்கரை தண்ணீரையும் இழுத்துக் கொண்டு போகிறது. அதனால்தான் அந்தத் தாகம், அந்த இளைப்பு, அந்த எறும்பு. ஆகவே, நாளின் பெரும் பகுதி அந்த வரம்புக்குக் கீழே இருந்துவிட்டாலே பூனைக்குப் பாதி வியாதி போன மாதிரி. மனிதருக்கு ஏன் அவ்வளவு கண்டிப்பு என்றால், நாம் இந்த வியாதியோடு இருபது வருஷம், முப்பது வருஷம் வாழ வேண்டியவர்கள். கண், சிறுநீரகம் எல்லாவற்றையும் அத்தனை நாள் காப்பாற்ற வேண்டும். பதினொரு வயதுப் பூனை என்றால் நம் கணக்கில் அறுபது வயது. அதற்கு மிச்சமிருக்கும் வருஷங்கள் தெம்பாகத் தின்று, தாவி, தூங்கினால் போதும்.

இன்னும் கீழே, 50-லிருந்து 200-க்குள் கொண்டு வர முயற்சி செய்கிற டாக்டர்களும் உண்டாம். அப்படிச் செய்தால் சில பூனைகளுக்கு இன்சுலினே வேண்டாத நிலை சீக்கிரம் வரலாமாம். ஆனால் அதற்கு ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை காதைக் குத்திப் பார்க்க வேண்டும், கூடவே டாக்டரின் மேற்பார்வையும் வேண்டும். மாவிளக்கு மாவு பிசைகிற கையோடு செய்கிற காரியம் இல்லை.

இரண்டு நாள் கழித்து மறுபடி ஒரு யூனிட்டில் ஆரம்பித்தோம். வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, பால் நோட்டிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து, அத்தையின் அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டியது. மேலே பெரிய எழுத்தில் பட்டாணி என்று எழுதி வைத்தேன்.

இன்னொரு சமாசாரத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன், இதை மட்டும் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். அத்தையின் இன்சுலின் குப்பியில் மில்லிக்கு 40 யூனிட். அதற்கு உள்ள சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. பட்டாணியின் குப்பியில் மில்லிக்கு 100 யூனிட். அதன் சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால், கோடு ஒன்று என்று காட்டும், உள்ளே போவது இரண்டரை! போன தீபாவளிக்குச் சின்னவன், "நான் போடறேம்மா" என்று ஆசையாகச் சிவப்பு மூடியை எடுத்துக் கொண்டு வந்து நின்றான். நல்லவேளை, நான் பக்கத்தில் இருந்தேன். அன்றிலிருந்து அத்தையுடையது எவர்சில்வர் டப்பாவில் மேல் தட்டில், பட்டாணியுடையது பிளாஸ்டிக் டப்பாவில் கீழ்த் தட்டில். உங்கள் வீட்டில் பூனை இல்லாவிட்டாலும், இரண்டு பேர் இரண்டு விதமான இன்சுலின் போடுகிறவர்களாக இருந்தால், இன்றைக்கே ஃபிரிஜைத் திறந்து பாருங்கள்.

சாப்பாடும் ஒழுங்காயிற்று. வெறும் கோழிக்கறி மட்டும் போடுவதும் சரியில்லையாம். கால்சியமும், 'டாரின்' என்கிற சத்தும் இல்லாமல் பூனைக்கு நாளாவட்டத்தில் கண்ணும் இதயமும் கெடும். அதனால் மாவுச்சத்துக் குறைந்த ஈரத் தீனி பாக்கெட் ஒன்று, மேலுக்குக் கொஞ்சம் மீனோ கறியோ. விலை கூடுதல்தான். இவர் வாரத்தில் ஒரு நாள் மட்டன் என்பதை மாதத்தில் இரண்டு நாளாகக் குறைத்துக் கொண்டார், முணுமுணுத்துக் கொண்டே. பூனை குண்டாக இருக்கிறதே என்று பட்டினி மட்டும் போட்டுவிடாதீர்கள். சில நாள் தின்னாமல் கிடந்தாலே பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு அடைத்துக் கொள்ளும். தின்னாத வேளையில் ஊசியும் போடாமல் டாக்டருக்குப் போன் செய்வேன்.

மாத்திரை இல்லையா என்று அக்கம்பக்கத்தில் கேட்கிறார்கள். அமெரிக்காவில் 2022 டிசம்பரில் ஒரு மாத்திரைக்கும், 2023-ல் வாயில் விடுகிற ஒரு திரவ மருந்துக்கும் பூனைகளுக்கென்றே அனுமதி கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அந்த மாத்திரை, ஏற்கெனவே இன்சுலின் போட்டுக் கொண்ட பூனைக்கு ஆகாது. திரவ மருந்தும், ரத்தத்தில் அமிலம் ஏறுகிற அபாயம் இருப்பதால், எல்லாப் பூனைக்கும் ஒத்து வராது. பட்டாணிக்கு இரண்டுமே வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். நம் வீட்டுப் பெரியவர்களின் சர்க்கரை மாத்திரையைப் பாதி உடைத்துக் கொடுக்கிற வேலை கூடவே கூடாது.

எண்ணை மட்டும் பார்த்துக் கொண்டிருந்தவள் இப்போது நாலைந்து விஷயம் நோட்டில் எழுதுகிறேன். தண்ணீர் எத்தனை ஆழாக்கு, மணல் தட்டில் எத்தனை கட்டி, சனிக்கிழமை எடை, ஜன்னல் திட்டுக்குத் தாவினானா. டாக்டரம்மா நோட்டைப் புரட்டும்போது மீட்டர் எண்ணுக்கு முன்னால் இவற்றைத்தான் பார்க்கிறார். தண்ணீர் ஓர் ஆழாக்குக்கு வந்துவிட்டது. குதிகால் ஊன்றல் மறைய நாலு மாதம் ஆயிற்று. போன கார்த்திகைக்கு ஜன்னல் திட்டில் ஏறி, அகல் விளக்கைத் தட்டி விட்டான். யாரும் திட்டவில்லை.

பூனைகளில் சிலவற்றுக்கு, சீக்கிரமே கவனித்தால், இன்சுலினே வேண்டாத நிலை வருவதுண்டு. பட்டாணிக்கு இப்போது அரை யூனிட்டாகக் குறைத்திருக்கிறார்கள். ஊசிக்கு முன்னாலேயே 140, 150 என்று வருகிறது. இந்த மாதம் முழுக்க இப்படியே இருந்தால் நிறுத்திப் பார்க்கலாமா என்று யோசிப்போம் என்கிறார் டாக்டரம்மா. நிறுத்தினாலும் திரும்ப வரலாம், ஆகவே காதுக் குத்து தொடரும்.

அத்தை பிஸ்கட் டப்பாவைத் தொடுவதில்லை. அவன் முன்னால் தின்ன மனசு வரவில்லையாம். தினம் காலையில் இரண்டு பேர் எண்ணையும் நான் உரக்கச் சொல்ல வேண்டும். இன்று பட்டாணிக்கு 146. அத்தைக்கு 171. "எனக்குக் குத்தும்போது கை நடுங்கிடுச்சு, இன்னொரு தடவை பாரு" என்கிறார்.

மணி ஆறாகப் போகிறது. கீழ்த் தட்டு டப்பாவுக்கு எதிரில் ஒருவன் வந்து உட்கார்ந்துவிட்டான்.